இருபத்தொன்பது சிவப்பு

முத்தரசியின் உண்பட்டையில் இருபத்தொன்பது சிவப்புப் புள்ளிகள் இருந்தன. முப்பதாவது விழுந்தால் அவள் கோவில்பட்டியை விட்டுப் போயாக வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேர் மணிக்கட்டிலும் அந்தப் பட்டை உண்டு. விரலகலம்தான் இருக்கும். நூற்றிருபது உணவுகளுக்கு நூற்றிருபது புள்ளிகள். பச்சை என்றால் தின்னலாம், சிவப்பு என்றால் கிட்டேயே போகக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளியின் குருதி அறையில் விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரே ஒரு சொட்டு இரத்தம்தான் எது பச்சை, எது சிவப்பு என்று முடிவு செய்யும். அந்தச் சொட்டைப் படிக்கும் இயந்திரத்துக்குத் துளிமானி என்று பெயர். அதை இயக்குபவள் செண்பகவல்லி. இருபத்தாறு வயது. எதையும் இரண்டு முறை எழுதிச் சரிபார்த்த பிறகும், வீட்டுக்குப் போகிற வழியில் சந்தேகம் வந்து திரும்பி வந்து மூன்றாம் முறை பார்க்கிற பெண்.

துளிமானியை யாரும் குறை சொன்னதில்லை. அது வருவதற்கு முன்பு, பக்கத்துப் பிள்ளை கொடுத்த பிஸ்கட்டைத் தின்று மூச்சடைத்துப் போன குழந்தைகளின் படங்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டாவது செய்தியில் வரும். இயந்திரம் வந்த பிறகு அப்படி ஒரு படமும் வரவில்லை. அதனால் பெற்றோர்களுக்கு அதன்மேல் நம்பிக்கை கூடியது, நம்பிக்கையோடு பயமும் கூடியது. இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் எவ்வளவு இருந்தால் சிவப்பு என்பதற்கு ஒரு வரம்பு எண் உண்டு. முதலில் அது பதினைந்தாக இருந்தது. பெற்றோர்கள் மனுக் கொடுத்து ஐந்தாக்கினார்கள். அப்புறம் இரண்டு. இப்போது கால். வரம்பு இறங்க இறங்கப் பட்டைகளில் சிவப்பு ஏறியது.

முத்தரசிக்கு உளுந்து சிவப்பு, ஆகவே இட்லி கிடையாது, தோசை கிடையாது. துவரை சிவப்பு, சாம்பாரும் போயிற்று. பால், முட்டை, கோதுமை, எள், தேங்காய், மீன், நிலக்கடலை என்று வரிசை நீண்டுகொண்டே போனது. மதியம் கண்ணாடித் தடுப்புக்குள் தனியாக உட்கார்ந்து சோறும் சுரைக்காயும் தின்பாள். எட்டு வயதில் பதினேழு கிலோ. முப்பது சிவப்பு ஆன பிள்ளைகளை அரசு மலைமேல் இருக்கும் தூய்மைப் பள்ளிக்கு அனுப்பிவிடும். அங்கே காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுவார்கள். பெற்றவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்த குருதிச் சோதனைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது முத்தரசியின் அப்பா கோமதிநாயகம் குருதி அறை வாசலில் வந்து நின்றார். வெளியாட்களுக்காகப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“தாயி, ஒரு நிமிசம்.”

“உள்ள வாங்க அண்ணாச்சி.”

“வேண்டாம். ஒங்க மோப்பி என்னையப் பாத்தா வெறிநாயப் பாத்த மாதிரி கத்தும்.”

அவர் சொன்னது உண்மைதான். பக்கத்து உணவுக்கூடத்தில் இருக்கும் அந்த மோப்பக் கருவி கடலை வாசனை பட்டாலே கத்தும். அவர் கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சுபவர். எத்தனை முறை குளித்தாலும் நகக்கண்ணில் கடலைத்தூள் இருக்கும். வீட்டுக்கு வெளியே ஒரு குளியலறை கட்டி, அங்கே குளித்து, அங்கே வைத்திருக்கும் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் மகளைத் தூக்குவார்.

“ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீய. அந்த மிஷினு ஒரே ஒரு வாட்டி மட்டும்... கண்ணை மூடிக்கிடுமா?”

“அண்ணாச்சி!”

“சரி, சரி. கேட்டுத்தான பாக்கணும். நான் வேலைய விட்டுட்டா போதுமா? பாகுப் பதந்தவிர எனக்கு வேற ஒரு எழவும் தெரியாது. இருந்தாலும் விட்டுருதேன்.”

“நீங்க வேலைய விட்டாலும் புள்ளி கொறையாது, அண்ணாச்சி. ரத்தத்துல இருக்கிறதுதான் கணக்கு.”

“அவ ரத்தம் என் ரத்தந்தான? எனக்கு ஒண்ணும் பண்ணலயே.” சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “மலையில பிள்ளைக்குக் குளிருமே தாயி. வெறும் பதினேழு கிலோ.”

அவர் போன பிறகு செண்பகவல்லி முத்தரசியின் பழைய எண்களை எடுத்துப் பார்த்தாள். கத்தரிக்காய் வரம்புக்கு மிக அருகில் இருந்தது. ஒரு நூலளவு ஏறினால் போதும்.

மறுநாள் புது மோப்பி வந்தது. உணவுக்கூட வாசலில் நிற்கும் கம்பம் அது. பிள்ளைகள் தடைசெய்த எதையாவது தொட்டிருந்தால் மோந்து கண்டுபிடித்துச் சத்தம் போடும். பழைய மோப்பி உள்ளங்கையையும் மூச்சையும் மட்டும்தான் பார்க்கும். புதியது உச்சி முதல் பாதம்வரை பார்க்குமாம். பொருத்த வந்த ஆள் அதன் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் மதிய மணி அடித்துவிட்டது.

முதலில் வந்த பிள்ளைக்கே கத்தியது. இரண்டாவதுக்கும் கத்தியது. சிவப்புப் புள்ளி உள்ள பிள்ளைகள் மொத்தம் அறுபத்து மூன்று பேர். நாற்பத்தொரு பேருக்குக் கத்தியது. முத்தரசியும் அதில் ஒருத்தி.

“புதுசுல்ல, கொஞ்சம் ஓடிப் பழகணும்” என்றார் பொருத்த வந்தவர், ஏதோ மாட்டைப் பழக்குகிற மாதிரி. கருவியை நிறுத்திவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

செண்பகவல்லிக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. நேற்று கோமதிநாயகம் நின்ற இடத்தைத் தாண்டியா காலையில் வந்தோம்? தன் புடவையிலிருந்துதான் எல்லாருக்கும் ஒட்டியதோ? புடவையைச் சோதித்தாள். சுத்தமாக இருந்தது. பிறகு மோப்பியின் பதிவைத் திறந்து, உடம்பில் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினாள். நாற்பத்தொரு பேருக்கும் ஒரே இடம்தான். வாயிலும் கையிலும் ஒன்றுமில்லை. சட்டையின் கீழ் நுனியில் இருந்தது. ஒரு பிள்ளையின் சட்டை நுனியைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தாள். நிலக்கடலை. கூடவே வெல்லம்.

இடைவேளை மணி அடித்ததும், பிள்ளைகள் வழக்கமாக ஒளிந்துகொள்ளும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஏழெட்டுப் பேர் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். நடுவில் நான்காம் வகுப்புக் கருத்தபாண்டி. அவன் பட்டையில் ஒரு சிவப்புக்கூடக் கிடையாது. கடையில் எது வேண்டுமானாலும் வாங்க அனுமதி உள்ளவன். கையில் ஒரு கடலைமிட்டாய் வைத்திருந்தான். சட்டை நுனியை இழுத்து மிட்டாயின்மேல் மூடி, துணியோடு சேர்த்துப் பல்லால் நறுக்கென்று கடித்தான். துணியை விலக்கினால் மிட்டாய் எச்சில் படாமல் இரண்டாக உடைந்திருந்தது. பாதியை நீட்டினான். வாங்கியவள் அதைக் கையால் தொடவில்லை. தன் சட்டை நுனியால் பிடித்து வாங்கி, அதே மாதிரி கடித்து, ஒரு பாதியை அடுத்தவளுக்கு நீட்டிவிட்டு மறுபாதியை வாயில் போட்டுக்கொண்டாள்.

காக்காக்கடி.

செண்பகவல்லியே சின்ன வயதில் கடித்திருக்கிறாள். எச்சில் படாமல் பங்கு வைக்கிற அந்தப் பழைய தந்திரத்தை இந்தப் பிள்ளைகள் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். துணியால் பிடித்தால் உள்ளங்கையில் வாசனை ஒட்டாது. தின்று முடித்து மூன்று தடவை வாய் கொப்பளித்தால் மூச்சிலும் தெரியாது. பழைய மோப்பியால் அவர்களைப் பிடிக்க முடியவில்லை.

வாங்கியவள் முத்தரசி.

“முத்தரசி! துப்பு! துப்புடி அதை!”

பிள்ளைகள் எழுந்து ஓடப் பார்த்தார்கள். செண்பகவல்லி முத்தரசியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை இடுப்புப் பையில் இருந்த உயிர்காக்கும் ஊசியைத் தேடியது. முத்தரசி முழுங்கிவிட்டிருந்தாள். செண்பகவல்லி அவள் உதட்டைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தடிப்பு இல்லை, இழுப்பு இல்லை.

“மிஸ், ஊசி போட்டுராதீங்க. ஒண்ணுஞ் செய்யாது” என்றாள் முத்தரசி.

“ஒண்ணும் செய்யாதா? எத்தனை நாளா நடக்குது இது?”

“நா ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து கடிக்கேன்.”

“இவ எப்பவும் பெரிய துண்டா எடுத்துக்கிடுவா மிஸ்” என்றான் கருத்தபாண்டி. மாட்டிக்கொண்ட பிறகும் அந்தக் கணக்கு அவனுக்குத் தீரவில்லை.

“நீ ஏன்ல குடுக்க? இவங்களுக்கெல்லாம் ஆகாதுன்னு தெரியும்ல?”

“யாருக்கு ஆகாது?” அவன் உண்மையாகவே புரியாமல் கேட்டான். “ஆகாதவங்களுக்கு நாங்க குடுக்க மாட்டோம் மிஸ். அமலிக்கு ஆகாது. அவளுக்குத் தரவே மாட்டோம். அவ பக்கத்துல வச்சுக்கூடக் கடிக்க மாட்டோம். அஞ்சாப்பு தர்மனுக்கு ஆகாது. அவ்வளவுதான்.”

“அது ஒனக்கு எப்படித் தெரியும்?”

“அமலி ஒரு தடவ நுனிநாக்குல வச்சா மிஸ். ஒதடு பணியாரம் மாதிரி ஆயிருச்சு. அன்னையில இருந்து அவளுக்கு நாங்க தேன்மிட்டாய்.”

செண்பகவல்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பிள்ளைகளைத் திட்டுவாள் என்று பார்த்தால் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எவ்வளவு பெரிய துண்டு? வாரத்துக்கு எத்தனை நாள்? தின்ற பிறகு அரிப்பு உண்டா, வயிற்றுவலி உண்டா? பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன் என்று மிரட்டினாள். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார்.

அறைக்குத் திரும்பி, அந்தப் பட்டியலைத் துளிமானியின் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முத்தரசியின் நிலக்கடலை எண் பதினான்கு. பள்ளியிலேயே அதுதான் அதிகம். வாரத்துக்கு மூன்று நாள் தின்கிறாள், தும்மல்கூட வந்ததில்லை. அமலியின் எண் மூன்று. அவளுக்குத்தான் நுனிநாக்கில் பட்டதும் உதடு வீங்கியது.

மூன்றாம் முறையும் சரிபார்த்தாள். எண்கள் மாறவில்லை.

விதிப்படி அவள் உடனே அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினால், தடையை மீறித் தின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மீறல் புள்ளி விழும். மீறல் புள்ளியும் சிவப்புதான். முத்தரசிக்கு அது முப்பதாவது. அனுப்பாமல் மறைத்தால் நாளைக்கு அமலி மாதிரி இன்னொரு பிள்ளை நுனிநாக்கில் வைத்துப் பார்க்கும். அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஊசியோடு யாரும் இருக்கமாட்டார்கள். மறைப்பது என்ற வார்த்தையை நோட்டில் எழுதி, அடித்தாள். மறுநாள் காலையில் நேராக மருத்துவமனைக்குப் போனாள்.

ஒவ்வாமை மருத்துவர் ரஹ்மத் நிஷாவுக்கு அவளைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். அவருடைய வேலை துளிமானி அனுப்பும் பட்டியல்களில் கையெழுத்துப் போடுவது. நாளொன்றுக்கு இருநூறு கையெழுத்து.

நோட்டைப் படித்து முடித்ததும் அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நாற்பத்தொரு பேரா?”

“நாற்பத்தொண்ணு டாக்டர். நான் ஏதாவது தப்பா எழுதியிருந்தா...”

“தப்பா எழுதியிருந்தா நல்லாயிருக்குமேன்னு நானும் பாக்குறேன்.” மருத்துவர் நெற்றியைத் தேய்த்தார். “இங்க பாரு. ரத்தத்துல இருக்கிற அந்தப் புரதம், கல்யாண வீட்டு வாசல்ல வந்தவங்க பேரை எழுதி வைக்கிற நோட்டு மாதிரி. இன்னார் வந்தாருன்னு இருக்கும். வந்தவரு விருந்தாளியா, கொலுசைத் திருட வந்தவரான்னு அதுல இருக்காது. நாங்க படிக்கும்போது இதை ஒரு பாரா சொல்லிக் குடுத்தாங்க. பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டோம்.”

“அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

“அதே பாராவுல கடைசி வரி. உண்டு பார்த்தல். மருத்துவர் முன்னால, ஊசியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, துணுக்குல ஆரம்பிச்சுக் குடுத்துப் பாக்கணும். அவ்வளவுதான்.”

“இப்ப அது தடையா டாக்டர்?”

மருத்துவர் சட்டத் தொகுப்பைத் திரையில் தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு சிரித்துவிட்டார். “தடையில்லை. பதினாலு வருசமா யாரும் கேக்கலை. உண்டு பார்த்து ஒத்துக்கிட்டா சிவப்பை நீக்கலாம். பார்த்து முடிக்கிறவரைக்கும் புது சிவப்பு எதுவும் சேராது. மீறல் புள்ளியும்தான். ஒரு நாளைக்கு ஒரு உணவுதான். இருபத்தொன்பது நாள். உனக்குப் பயமா இருக்கா?”

“ரொம்ப.”

“எனக்கும்தான். நல்லது. பயமில்லாதவங்க இதைச் செய்யக்கூடாது.”

முதல் நாள் நிலக்கடலை. முத்தரசி மருத்துவமனைக் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் நாடித்துடிப்பு பார்க்கும் கருவி, பக்கத்து மேசையில் ஊசி, சுவாசக் குழாய். வேறு கடையில் வாங்கியதைக் கொடுக்கக்கூடாது என்று கோமதிநாயகம் அன்று அதிகாலையில் தன் கையால் பாகு காய்ச்சி ஊற்றிய மிட்டாயைக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்றார். செண்பகவல்லி அதை நுண்தராசில் வைத்து நிறுத்தாள். கடுகளவு கொடுத்தாள். இருபது நிமிடம் காத்திருந்தாள். மிளகளவு. மறுபடி இருபது நிமிடம். முத்தரசிக்குப் போரடித்துக் கொட்டாவி வந்தது.

“மிஸ், கருத்தபாண்டியே இதவிடப் பெருசாத் தருவான்.”

மூன்று மணி நேரத்தில் ஒரு முழு மிட்டாய் உள்ளே போனது. இன்னும் இரண்டு மணி நேரம் படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் கையெழுத்துப் போட்டார். உண்பட்டையில் ஒரு புள்ளி பச்சையானது. வெளியே நின்ற கோமதிநாயகம் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார். தான் காய்ச்சியதைத் தன் பிள்ளை தின்று அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு உளுந்து. மருத்துவமனைக் கேன்டீனில் அவித்த இட்லியை முத்தரசி முதலில் மோந்து பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள், “ஏன் இம்புட்டு மெத்துன்னு இருக்கு?” என்று கேட்டாள். ஐந்து இட்லி தின்றாள். துவரை, எள், தேங்காய், முட்டை. ஒவ்வொன்றாகப் பச்சையானது. மீனை மட்டும் தின்று பார்த்துவிட்டு ஒவ்வாமை இருந்தாலே நன்றாயிருந்திருக்கும் என்றாள். இருபத்தெட்டு நாளில் இருபத்தெட்டு பச்சை. மூன்று கிலோ கூடியிருந்தாள்.

கடைசி நாளுக்குப் பால் இருந்தது.

கோமதிநாயகம் அன்றைக்குப் பட்டறைக்கு விடுமுறை சொல்லிவிட்டு, புதுச் சட்டையோடு வந்திருந்தார். “பால்தான தாயி! கடலையவே தின்னு செரிச்சுட்டா. ஒரு தம்ளராக் குடுத்து முடிச்சு விடுங்க. சாயங்காலம் பஸ்ஸு பிடிச்சு அவ ஆச்சி ஊருக்குப் போறோம்.”

செவிலியருக்கும் அதுதான் எண்ணம். இருபத்தெட்டு நாள் ஒன்றும் நடக்காததால் எல்லாருக்கும் ஊசி வைத்த தட்டு மறந்துபோயிருந்தது. செண்பகவல்லி தட்டை இழுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள்.

“கொஞ்ச நேரந்தான் அண்ணாச்சி. முதல் நாள் மாதிரியேதான் குடுப்பேன்.”

கால் கரண்டி. இருபது நிமிடம் ஒன்றுமில்லை. அரைக் கரண்டி. பதினோராவது நிமிடம் முத்தரசி கழுத்தைச் சொறிந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் கழுத்திலிருந்து காதுவரை தடித்துச் சிவந்தது. “மிஸ், தொண்டையில என்னமோ...” என்றாள். மீதி வார்த்தைக்கு மூச்சு வரவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

மருத்துவர் ஊசியைத் தொடையில் இறக்கினார். குழாய் மூக்கில் ஏறியது. வெளியே கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் செண்பகவல்லிக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நாடித்துடிப்பு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு, நிமிடத்துக்கு நிமிடம் எழுதிக்கொண்டே இருந்தாள். ஆறாவது நிமிடம் விசில் குறைந்தது. இருபதாவது நிமிடம் முத்தரசி கண்ணைத் திறந்து, “ஒரு தம்ளர்னா செத்திருப்பேனா?” என்று கேட்டாள்.

செண்பகவல்லி அந்த நிமிடத்தின் நாடித்துடிப்பை நோட்டில் எழுதினாள்.

மாலையில் மருத்துவர் முத்தரசியின் முழுக் கோப்பையும் வரவழைத்தார். கைக்குழந்தைப் பருவத்திலிருந்து இருந்தது. இருவரும் சேர்ந்து படித்தார்கள். ஒரு வயதிலிருந்து இரண்டரை வயதுவரை: பசும்பால், நாளுக்கு இரண்டு தம்ளர், எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டரை வயதில் முழங்கை மடிப்பில் சொறி. அங்கன்வாடியில் குருதிச் சோதனை. பால் எண் அரை. வரம்பு கால். சிவப்பு. அன்றிலிருந்து பால் நிறுத்தம்.

“குடிச்சுக்கிட்டுதானே இருந்திருக்கா?” என்றாள் செண்பகவல்லி.

“ம். வயித்து வழியா தெனமும் வந்துக்கிட்டிருந்த வரைக்கும் உடம்புக்குப் பால் சொந்தக்காரன். நாம நிறுத்திட்டோம். அப்புறம் வீட்டுத் தூசியில, மத்தவங்க கையில இருந்து, சொறி இருந்த தோல் வழியா மட்டும் துளித்துளியா உள்ள போயிருக்கு. தோல் வழியா வர்றவனை உடம்பு திருடன்னுதான் நினைக்கும்.”

“அப்ப ஒவ்வாமை இருந்ததால நிறுத்தலை.”

“நிறுத்தினதால வந்திருக்கு. உறுதியா யாரும் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அப்படித்தான் படுது.”

இருபத்தொன்பதில் இயந்திரம் சரியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அதையும் உண்மையாக்கியது ஐந்தரை வருடக் கீழ்ப்படிதல்.

பக்கத்தின் அடியில் சோதனை எடுத்தவரின் பெயர்ச் சுருக்கம் இருந்தது. செ.வ. அவள் வேலைக்குச் சேர்ந்து அங்கன்வாடிகளுக்குப் போய்க்கொண்டிருந்த முதல் வருடம். அந்த நாள் அவளுக்கு நினைவில்லை. மூன்று முறை சரிபார்த்துத்தான் இருப்பாள்.

கோமதிநாயகம் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை கசங்கியிருந்தது. செண்பகவல்லி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெயர்ச் சுருக்கத்தையும் காட்டினாள்.

“அன்னைக்கு நிப்பாட்டாம இருந்திருந்தா?”

“இன்னைக்குக் குடிச்சுக்கிட்டு இருந்திருப்பான்னு நினைக்கேன் அண்ணாச்சி. நான்தான் அந்தச் சிவப்பைப் போட்டேன்.”

அவர் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினார். “வரம்பக் கொறையுங்கன்னு ஊரே மனு குடுத்துச்சு, ஞாபகம் இருக்கா? ரெண்டுல இருந்து காலுக்கு. பட்டறையில ஆளாளுக்குக் கையெழுத்து வாங்குனது யாருன்னு நெனைக்கீய? நாந்தான். அப்ப இவ கைப்பிள்ள. நூத்தம்பது கையெழுத்து வாங்கிட்டு, பிள்ளையக் காப்பாத்திட்டோம்னு சந்தோசமா வீட்டுக்குப் போனேன்.” பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டார். “வரம்பு ரெண்டாவே இருந்திருந்தா அவ அரை என்ன நெறம் தாயி?”

“பச்சை.”

“ம்.” அவர் எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினார். “ரெண்டு பேரும் அழுதா பிள்ளைக்கு ஆர் சோறு ஊட்டுறது? மேக்கொண்டு என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

செய்ய வேண்டியது நிறைய இருந்தது. முத்தரசி மலைக்குப் போக வேண்டாம். அதற்கான தாளில் மருத்துவர் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்ற அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கும் உண்டு பார்த்தலுக்கு நாள் குறித்தார்கள். அமலியை முதலில் வைக்கவில்லை. அவளுக்கு நிலக்கடலை சிவப்பாகவே இருக்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டிக் கூட்டம் எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தது, மருத்துவரும் அதை ஏற்றுக்கொண்டார். அதிகாரி ஒருவர் வந்து, துளிமானியைத் தூக்கிவிடலாமா என்று கேட்டார். செண்பகவல்லி வேண்டாம் என்றாள். யாரைக் கவனமாகச் சோதிக்க வேண்டும் என்று சொல்ல அது வேண்டும். முடிவை மட்டும் அதனிடம் கேட்கக்கூடாது.

அரசு கொடுத்த படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன: ஒவ்வாமை உண்டு, இல்லை. அவள் அளவுகோல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். அதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் ‘நம்மால் வந்தது’ என்று எழுதினாள். முதல் பெயர் முத்தரசி, பால். இரண்டாவது பெயர் எது, எத்தனை பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியாது. பக்கம் முழுவதற்கும் கோடு போட்டு வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து முத்தரசி மறுபடியும் அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கரண்டிப் பாலைக் கலக்கி, அதிலிருந்து ஒரு சொட்டைக் கரண்டியில் விட்டார். வெள்ளையாகக்கூட இல்லை. ஊசித் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“இது பாலா? தண்ணியா?” என்றாள் முத்தரசி.

“பால்தான். ஒன் ஒடம்புக்கு மட்டும் தெரியுற பால்.”

“நா முன்னாடி பால் குடிச்சிருக்கேனா மிஸ்?”

“குடிச்சிருக்க. தெனம் ரெண்டு தம்ளர்.”

“அப்ப ஏன் இப்ப ஆகல?”

செண்பகவல்லி கொஞ்சம் யோசித்தாள். “ஒன் ஒடம்பு அதை மறந்துருச்சு. நாங்கதான் மறக்க வச்சோம். இப்ப ஞாபகப்படுத்தப் போறோம். மெதுவா.”

“எத்தன நாள் ஆகும்?”

“ரெண்டு வருசம் ஆகலாம். ஆகாமலும் போகலாம்.”

முத்தரசி அதை எடைபோட்டுப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். சொட்டு விழுந்தது.

மருத்துவர் கழுத்தைப் பார்த்தார். செண்பகவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கோமதிநாயகம் கண்ணாடியைத் தொடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முத்தரசி நகத்தைக் கடித்தாள், கட்டில் கம்பியில் தாளம் போட்டாள், பத்தொன்பதாவது நிமிடத்தில் பசிக்கிறது என்றாள்.

விதிப்படி அன்றும் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துத் துளிமானியில் வைத்தார்கள். பால், சிவப்பு என்று அது அச்சடித்தது. செண்பகவல்லி அந்தத் தாளை நோட்டில் ஒட்டினாள். அதன் கீழே பேனாவால் எழுதினாள்: ஒரு சொட்டு. இருபது நிமிடம். ஒன்றும் ஆகவில்லை.